சீமையில் ஒரு சத்திரம் வேண்டும்

ஆடி கழிந்து ஆவணி பிறந்துவிட்டால், பெருந்துறை வட்டாரத்தில் பல வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. ஒரு வீட்டுப் பிள்ளை லண்டனுக்குப் போகிறான். அடுத்த வீட்டுப் பெண் டொராண்டோவுக்குப் போகிறாள். சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் மகன் டப்ளினுக்குப் புறப்படுகிறான். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கம்பளிச் சட்டையும் பெட்டிக்குள் போகின்றன. கொப்பரையும் மஞ்சளும் விற்ற பணம் போதாமல், தோட்டத்துப் பத்திரம் பாங்கிக்கு ஈடாகப் போகிறது. கோயமுத்தூர் விமான நிலையத்து வாசலில் தாயார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். தகப்பனார் தலையை நிமிர்த்திக்கொள்கிறார். அத்துடன் தங்கள் கடமை முடிந்துவிட்டதாக ஊரும் உறவும் வீடு திரும்புகின்றன.

உண்மையில் கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. எந்தக் கலாசாலை, எவ்வளவு கட்டணம், எத்தனை வருஷம், படித்து முடித்தால் என்ன சம்பளம் என்று ஆயிரம் கேள்வி கேட்கிற நாம், பிள்ளை போய் இறங்குகிற இரவு எங்கே படுப்பான் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. கேட்டாலும், 'ஏஜெண்டு பார்த்துக்கொள்வார்' என்ற ஒற்றை வார்த்தையில் சமாதானம் அடைந்துவிடுகிறோம். முன்பின் தெரியாத மகா நகரம் ஒன்றில் புதிதாகக் காலடி வைக்கும் மாணவனுக்கு முதல் முப்பது நாட்கள் எப்படிக் கழிகின்றனவோ, அதைப் பொறுத்தே அடுத்த மூன்று வருஷமும் அமையும். இந்த முப்பது நாட்களை ஏஜெண்டின் கையில் விட்டுவிடுவது கொங்கு நாட்டுக்கு அழகன்று என்பதே நாம் இங்கே சொல்ல விரும்புவது.

இந்தக் கஷ்டம் புதிதன்று. நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. அந்தச் சாட்சி பெருந்துறையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள ஈரோட்டில் பிறந்தவர். 1887ஆம் வருஷம் டிசம்பர் 22ஆம் தேதி, தம் தாயாரின் பிறந்தகத்தில் பிறந்த ஸ்ரீநிவாச ராமானுஜனையே குறிப்பிடுகிறோம். கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர், 1914 மார்ச் 17ஆம் தேதி 'நெவாசா' என்ற கப்பலில் ஏறி, ஏப்ரல் 14ஆம் தேதி லண்டன் சேர்ந்தார். இன்று போகிற எந்தப் பிள்ளைக்கும் இல்லாத சௌகரியங்கள் அவருக்கு இருந்தன. சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. கேம்பிரிட்ஜ் ஆசிரியரான நெவில் மோட்டார் வண்டியுடன் வந்து எதிர்கொண்டார். லண்டனில் குரோம்வெல் ரோட்டில் இந்திய மாணவர்களுக்கென்று இருந்த விடுதியில் சில நாள் தங்கினார். பிறகு கேம்பிரிட்ஜில் நெவிலின் வீட்டிலேயே இருந்தார். ஜூன் மாதத்தில் டிரினிட்டி கல்லூரியில் அவருக்குத் தனி அறை கிடைத்தது. ஹார்டியைப் போன்ற மேதை அவருடைய கணிதத்தைக் கொண்டாடக் காத்திருந்தார்.

இவ்வளவு இருந்தும் நடந்ததைக் கேளுங்கள். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலநோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தார். குளிர் தாங்க முடியவில்லை என்று ராமானுஜன் அவரிடம் சொன்னார். இரவில் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் போர்த்திக்கொண்டு படுப்பதாகவும் சொன்னார். மகலநோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தையைச் சுற்றி அழகாக மடித்துச் செருகப்பட்டிருந்தன. ராமானுஜன் அந்தக் கம்பளிகளின் மேலே படுத்துக்கொண்டு, மேல் விரிப்பை மட்டும் போர்த்தி இருந்திருக்கிறார்! கம்பளியை உருவி, அதற்குள்ளே எப்படி நுழைந்து படுப்பது என்று மகலநோபிஸ் காட்டிக் கொடுத்தார்.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நமக்குச் சிரிப்பு வரவில்லை. எண்களின் அந்தரங்கத்தை அறிந்தவருக்குக் கட்டிலில் படுக்கத் தெரியவில்லை என்றால் அது அறிவின் குறைவன்று; பாயில் படுத்த ஊரிலிருந்து போனவருக்குச் சொல்லித் தர ஆளில்லாத குறைவு. பெரிய மனிதர்கள் அவரைக் கணிதத்தைப் பற்றிக் கேட்டார்கள். தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. அப்படிக் கேட்கத் தோன்றியவர் இந்தியாவிலிருந்து போன இன்னொரு மாணவர்தாம்.

பிறகு நடந்ததும் நேயர்கள் அறிந்ததே. 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. மாமிசம் தொடாதவர், தாமே அறையில் சமைத்துக்கொண்டார். பண்டங்களின் தட்டுப்பாடு வளர்ந்தது. 1917இல் நோயில் விழுந்தார். ஆரோக்கிய நிலையங்கள் ஒவ்வொன்றாக மாறினார். 1918இன் தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் பாதையில் விழுந்து, வண்டி உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டதால் உயிர் பிழைத்தார். அதே வருஷத்தில்தான் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகவும், டிரினிட்டி கல்லூரியின் அங்கத்தினராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகழின் உச்சியும் தனிமையின் பாதாளமும் ஒரே வருஷத்தில்! 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் தேதி 32ஆம் வயதில் காலமானார். க்ஷயரோகம் என்று வைத்தியர்கள் கருதி வந்த அந்த நோய், உண்மையில் ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் 1994இல் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார்.

பெருந்துறைக்காரர்களுக்கு இந்தக் கதையின் கடைசிப் பகுதி நன்றாகவே விளங்கும். ஒரு காலத்தில் வெளியூர்களில் பெருந்துறையின் பெயர் தெரிந்ததே இங்கிருந்த க்ஷயரோக ஆஸ்பத்திரியால்தான். அந்த வளாகத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. தூர ஜில்லாக்களிலிருந்து இங்கே வந்து மாதக்கணக்கில் படுத்திருந்த நோயாளிகளைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மருந்தைவிட, வாரம் ஒருமுறை யாராவது வந்து பார்ப்பார்களா என்று அந்த நோயாளிகள் வாசலையே பார்த்திருந்ததை அவர்களே சொல்வார்கள்.

ராமானுஜன் சீமைக்குப் போயிருக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. போகாதிருந்தால் உலகம் அவரை அறிந்திராது. போகிறவனை எந்த வீடு ஏற்றுக்கொள்கிறது என்பதே கேள்வி. இதுவரை நம்மவர்களை மூன்று விதமான வீடுகள் ஏற்றிருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

முதலாவது, சர்க்கார் வீடு. ராமானுஜன் தங்கிய குரோம்வெல் ரோட்டு விடுதி 1910இல் ஏற்பட்டது. அதற்கு முந்திய வருஷம், ஜூலை 1ஆம் தேதி, கர்ஸான் வில்லியை மதன்லால் திங்கரா லண்டனில் சுட்டுக் கொன்றார். 1905இல் சியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட்டில் தொடங்கிய 'இந்தியா ஹவுஸ்' விடுதியில் சாவர்க்கரும், நமது வ. வே. சு. ஐயரும் கூடிய காலம் அது. ஆகவே, இந்திய மாணவர்கள் எங்கே தங்குகிறார்கள், யாருடன் பேசுகிறார்கள் என்று அறிய இந்தியா மந்திரி காரியாலயத்துக்கு மிகுந்த கவலை இருந்தது. குரோம்வெல் ரோட்டில் படுக்கையும் கிடைத்தது. அதோடு வேவும் கிடைக்கும் என்று மாணவர்கள் பலர் சந்தேகித்தார்கள். அன்னிய சர்க்காரின் உபசாரத்துக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

இரண்டாவது, நம்மவர் நடத்திய வீடு. இதை ஸ்தாபித்தவரும் நமது பக்கத்து ஜில்லாக்காரரே. 1876இல் சேலத்தில் பிறந்த கே. டி. பால், இந்தியாவின் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்துக்கு முதல் இந்தியப் பொதுக் காரியதரிசியானவர். வட்டமேஜை மகாநாட்டுக்கும் சென்று வந்தவர். லண்டனில் நமது வாலிபர்கள் அறைக்காக வீதி வீதியாக அலைவதை அறிந்த அவர், 1920இல் அங்கே ஓர் இந்திய மாணவர் விடுதியை ஏற்படுத்தினார். இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழுந்தும் அந்த ஸ்தாபனம் அழியவில்லை. 1950களில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. சங்கம் கிறிஸ்தவ சங்கம். விடுதியோ எல்லா மதத்தாருக்கும் திறந்திருந்தது. ராமானுஜன் காலமான வருஷத்திலேயே, சேலத்து மனிதர் ஒருவர் லண்டனில் இந்திய மாணவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தார் என்பதை நினைக்கும்போது, ஆறு வருஷம் முந்தித் திறந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் வராமற்போகாது.

மூன்றாவது, ஏஜெண்டின் வீடு. இன்று நமது பிள்ளைகளில் பெரும்பாலோர் நம்பிப் போவது இதைத்தான். ஏஜெண்டுகள் எல்லோரும் மோசக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவருடைய தொழில் என்ன என்பதை மறக்கக் கூடாது. மாணவனைச் சேர்த்துவிட்டதற்கு வெளிநாட்டுக் கலாசாலையிடமிருந்து அவருக்குத் தரகு கிடைக்கிறது. தரகு வந்த பின் பிள்ளையின் படுக்கை அவருடைய கவலையன்று. 2023இல் கனடாவில், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள், தங்களுக்குத் தரப்பட்ட சேர்க்கைக் கடிதமே போலி என்று தெரிந்து, நாடு கடத்தப்படும் நிலையில் நின்றதை மறந்துவிட முடியுமா?

இப்போதைய கஷ்டங்கள் கம்பளியோடு நிற்பவையல்ல. லண்டனில் படிக்கப் போகிறவர் மாதத்துக்கு 1,483 பவுன் வீதம் ஒன்பது மாதத் தொகையைத் தம் கணக்கில் காட்டவேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது. பிறகு அது இன்னும் உயர்ந்தது. அந்தப் பணம் 28 நாள் கணக்கில் நின்றால் போதும் என்பதால், கைமாற்று வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும் குடும்பங்களும் உண்டு. விசா கிடைத்துவிடும், பையில் பணம் இராது. அப்படி இறங்கும் பிள்ளை வீடு தேடினால், உள்ளூர் ஜாமீன் எங்கே என்கிறார் வீட்டுக்காரர். பாங்கிக் கணக்கு திறக்கப் போனால் விலாசம் எங்கே என்கிறார்கள். விலாசத்துக்குப் போனால் பாங்கிக் கணக்கு எங்கே என்கிறார்கள். படத்தில் கண்ட அறைக்கு முன்பணம் அனுப்பிவிட்டு, போய்ப் பார்த்தால் அப்படி ஓர் அறையே இல்லை என்று ஏமாறுவதும் நடக்கிறது.

அறியாமையால் இழப்பது இன்னும் பெரிது. இங்கிலாந்தில் 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி, சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கிய முன்பணத்தை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். இது தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? 2024 பிப்ரவரி முதல் மாணவர்கள் வைத்திய வரியாக வருஷத்துக்கு 776 பவுன் வீதம் விசாவுடனேயே கட்டிவிடுகிறார்கள். ஆனால் தங்கும் பேட்டையின் வைத்தியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளாமல், ஜுரம் வந்தால் பாரசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறவர்கள் பலர். பட்டப் படிப்பு மாணவர் கல்லூரி நாட்களில் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே விதி. வாடகைக்குப் பயந்து அதற்கு மேல் திருட்டுத்தனமாக வேலை செய்கிறவன், கூலி தராமல் முதலாளி ஏமாற்றினாலும் வாய் திறக்க முடியாது.

1,483 பவுனைப் பற்றியும் 776 பவுனைப் பற்றியும் பேசுவது பணக்காரப் பேச்சு என்று எண்ண வேண்டாம். இன்று போகிறவர்கள் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகளல்லர். ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பாங்கிகள் வழக்கமாகச் சொத்து ஈடு கேட்கின்றன. ஆகவே அந்தப் பிள்ளையின் முதுகில் ஒரு தோட்டமே ஏறிப் போகிறது. அவன் தடுக்கி விழுந்தால், இங்கே ஒரு குடும்பம் விழுகிறது. அதனாலேயே அவன் தன் கஷ்டத்தை வீட்டுக்குச் சொல்வதில்லை. செல்போனில் தினமும் சிரித்த முகத்தைக் காட்டுகிறான். வெளிநாடுகளில் இந்திய மாணவர் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர் என்று மத்திய சர்க்கார் 2024இல் கணக்குச் சொன்னது. அவர்களில் ஐந்து வருஷத்தில் 633 பேர் நோய், விபத்து, தாக்குதல் முதலிய பல காரணங்களால் மாண்டதாக, அதே வருஷம் ஜூலையில் பார்லிமெண்டில் பதில் கூறப்பட்டது; கனடாவில் மட்டும் 172 பேர். அந்த எண்களில் ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசலில் இறங்கிய பெட்டி.

இதற்கு ஆட்சேபம் சொல்பவர்கள் இருக்கலாம். 'இது ராமானுஜன் காலமன்று; லண்டன் கிழக்கு ஹாமில் தோசை கிடைக்கிறது, வாட்ஸப்பில் தமிழ்க் கூட்டங்கள் இருக்கின்றன, இனி விடுதி எதற்கு?' என்று அவர்கள் கேட்பார்கள். தோசை கிடைப்பது உண்மை. ஆனால் ஜாமீன் கையெழுத்து வாட்ஸப்பில் வராது. ஜுரத்தில் கிடப்பவனின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கச் செல்போனால் ஆகாது. கூட்டத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். கதவைத் தட்ட ஒருவர் வேண்டும்.

'நாட்டை விட்டு ஓடுகிறவர்களுக்கு நாம் ஏன் உதவ வேண்டும்?' என்று கேட்கும் தேசபக்தர்களும் உண்டு. அவர்களுடைய மனத்தாங்கல் நமக்குப் புரிகிறது. உள்நாட்டுக் கல்வி உயர வேண்டும் என்பதில் நமக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் கஷ்ட காலத்தில் தாய்நாடு திரும்பிப் பார்க்கவில்லை என்று கசந்த பிள்ளை திரும்பி வருவானா, உப்பிட்டவரை நினைக்கிற பிள்ளை திரும்பி வருவானா? தேசாபிமானத்துக்கும் சிறிது சோறு வேண்டியிருக்கிறது.

நமது யோசனை பெரிதன்று. லண்டனில் ஒரு வீடு, டொராண்டோவில் ஒரு வீடு, மெல்போர்னில் ஒரு வீடு. புதிதாக வருகிற தமிழ் மாணவர் எவரும் 30 நாள் தங்கலாம். சாதாரணச் சாப்பாடு. அவ்வூர்ச் சட்டமும், பாங்கியும், வைத்தியரிடம் பதிவதும் சொல்லித் தர, ஏற்கெனவே அங்கே இருக்கும் நம்மவர் இருவர். தகுதியான மாணவனுக்கு வாடகை ஜாமீன் நிற்க ஒரு நிதி. பெண்களுக்குத் தனிப் பகுதி. வேலை கிடைத்தபின், தங்கினவர் தம்மால் இயன்றதை நிதிக்குத் திருப்பித் தருவார்; அடுத்தவருக்கு அது உதவும்.

தமிழனுக்கு இது புதிய வித்தையா? நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் சத்திரம் கட்டினார்கள். கடல் கடந்து சிங்கப்பூர் மார்க்கெட் வீதியில் கிட்டங்கிகளை வைத்துக்கொண்டு, புதிதாக வந்து இறங்கும் பிள்ளைக்குப் பாயும் சோறும் தொழிலும் காட்டினார்கள். கொங்கு நாட்டாருக்கும் கூடிச் செய்யும் வழக்கம் உண்டு. பெருந்துறையில் 1984இல் தொடங்கிய கொங்கு பொறியியல் கல்லூரி, ஊரார் கூடி அமைத்த அறக்கட்டளையின் முயற்சியே. படிப்பு சொல்லித் தரக் கல்லூரி கட்டியவர்களுக்கு, படித்த பிள்ளை போய் இறங்க ஒரு கூரை போடுவது கஷ்டமா? பின்னலாடையும் நூலும் கொப்பரையும் கடல் கடந்து போய்ப் பணம் கொண்டுவந்த ஊர்கள் இவை. சரக்குக்குக் கிடங்கு பார்த்து அனுப்புகிறோம், பிள்ளைக்குப் பார்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த வீட்டு வாசலில் ஜாதி கேட்கக் கூடாது. சங்கம் வைத்து விடுதி நடத்துவதில் நமக்கு உற்சாகம் உண்டு. அதில் ஜாதிப் பெயரை எழுதிவைப்பதிலும் உற்சாகம் உண்டு. லண்டனுக்கு வந்து நடுங்கி நிற்கும் பையனிடம், 'நீ எந்தக் கூட்டம்?' என்று கேட்டு உள்ளே விடும் வீடு ஒன்று கட்டப்படுமானால், அதைக் கட்டாமலிருப்பதே மேல்.

பிறரிடம் நாம் எதிர்பார்ப்பதை நாமும் செய்யவேண்டும். கோயமுத்தூர் வேளாண்மைச் சர்வகலாசாலைக்கு ஆசியா, ஆப்பிரிக்கா நாடுகளிலிருந்து மாணவர் வருகிறார்கள். நமது காரமும் வெயிலும் மொழியும் அவர்களுக்கு, ராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் இருந்ததுபோல்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து வீடு இல்லை என்று சொல்லும் வீட்டுக்காரர், தம் மகனுக்கு மெல்போர்னில் வீடு இல்லை என்று சொல்லப்பட்டால் ஆத்திரப்பட அருகதை உள்ளவர்தாமா? நேயர்கள் தங்கள் மனத்தைக் கேட்டுப் பார்க்கட்டும்.

காரியம் ஒரு நாளில் ஆகாது. ஆனால் ஆரம்பம் ஒரு நாளில் ஆகும். இந்த வருஷம் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பியுள்ள பெருந்துறைப் பெற்றோர் ஒரு மாலை கூடட்டும். எந்தப் பட்டணத்தில் யார் பிள்ளை இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதட்டும். முன்னே போனவர்கள் பின்னே வருகிறவர்களை ஸ்டேஷனில் எதிர்கொள்வது என்று முடிவு செய்யட்டும். வசதியுள்ள மில் முதலாளிகளும் வியாபாரிகளும் ஒரு கலியாண மண்டபத்துக்குச் செலவாகும் பணத்தை இந்த நிதிக்குத் தரட்டும். சர்க்கார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கே. டி. பால் காத்திருக்கவில்லை.

ஈரோட்டில் பிறந்த ஒருவருக்குக் கம்பளியை உருவிக் காட்டியது வங்காளத்து மாணவர் ஒருவரின் கை. அடுத்த ஆவணியில் இங்கிருந்து போகிற பிள்ளைக்கு அதைக் காட்ட கொங்கு நாட்டுக் கை ஒன்று அங்கே இருக்குமா?